நீரைக் காய்ச்சுபவர் யார்?

“குடிநீர் நன்கு காய்ச்சப்படல் வேண்டும்.” திருவனந்தபுரத்தில் அமர்ந்து சுகாதாரப் பிரசுரங்களை மொழிபெயர்க்கும் நான், இவ்வாக்கியத்தை எத்தனை முறை எழுதியிருப்பேன் என்பதற்குக் கணக்கில்லை. இலக்கணப்படி இதில் பிழை யாதுமில்லை. ஆயினும், காய்ச்சுபவர் யார், விறகு கொணர்பவர் யார் என்பவற்றைச் செயப்பாட்டுவினை நயமாக மறைத்துவிடுகிறது.

கேரளத்துக் கிராமங்களில் வீட்டுக் கிணறுகள் மிகுதி. பல வீடுகளில் அதே வளவிலேயே கழிவறைக் குழியும் அமைந்திருப்பதால், கிணற்று நீரில் நோய்க் கிருமிகள் கலப்பது அரிதன்று. சீரகமிட்டுக் காய்ச்சிய நீரைப் பருகும் நற்பழக்கம் இங்குண்டு. சூடு தணியப் பச்சைத் தண்ணீரைக் கலக்கும் பழக்கமும் உடனுண்டு. கலந்ததும் காய்ச்சிய பயன் போயிற்று. நீர் தளதளவென்று ஒரு நிமிடம் கொதித்தாலே கிருமிகள் அழிந்துவிடும். இருபது நிமிடம் கொதிக்க வேண்டுமென்று கூறிய பிரசுரங்களும் உண்டு. எஞ்சிய பத்தொன்பது நிமிடங்களுக்கான விறகு யாருடைய தலைச்சுமையாக வந்தது?

உழைப்பைப் பெண்டிரிடம் விட்ட நாம், நீரைப் பற்றி முடிவு கூறும் உரிமையை அவர்களுக்கு அளித்தோமில்லை. குவாலியரிலுள்ள பாதுகாப்பு ஆராய்ச்சி நிலையத்தார் 1982இல் ஓர் எளிய சோதனையை வெளியிட்டனர். மருந்திட்ட சிறு குப்பியில் நீரை நிரப்பி ஓரிரு நாள் வைத்தால், மலக்கலப்புள்ள நீர் பெரும்பாலும் கறுத்துவிடும். இதற்கு ஆய்வுக்கூடமோ பட்டமோ வேண்டுவதில்லை. 2019இல் தொடங்கிய ஜல் ஜீவன் இயக்கமும் ஊர்தோறும் ஐந்து பெண்களை நீர்ச் சோதனைக்குப் பயிற்றுவிக்குமாறு விதித்தது. ஆயினும், முடிவைக் குடும்பத் தலைவரிடம் கூறித் திரும்பும் வழக்கம் நம்மை விட்டு அகலவில்லை.

கிணற்றைப் பற்றிப் பெண்டிருக்கு என்ன தெரியும் என்போர் பாலக்காடு மாவட்டத்துப் பூக்கோட்டுக்காவு ஊராட்சியை அறிவாராக. 2016, 2017ஆம் ஆண்டுகளின் வறட்சியில், வேலை உறுதித் திட்டத்தின்கீழ் அவ்வூர்ப் பெண்கள் தாமே குழியில் இறங்கி, கடப்பாரையும் மண்வெட்டியும் கொண்டு நூற்றுக்கு மேற்பட்ட கிணறுகளைத் தோண்டினர். அதுகாறும் அது ஆடவர் தொழில் எனவே கருதப்பட்டது.

ஆதலின் களப்பணியாளர்கள், கறுத்த குப்பியை நீரிறைப்பவரின் கையிலேயே கொடுத்துப் பொருளை விளக்குதல் நலம். ஆசிரியர்கள் குளோரினேற்றும் கணக்கை, அதாவது ஆயிரம் லிட்டருக்குச் சுமார் இரண்டரை கிராம் வெளுக்கும் தூள் என்பதை, சிறுவர்க்கும் சிறுமியர்க்கும் ஒருங்கே கற்பிக்கலாம். பிரசுரத்தில் “பெண்களே, காய்ச்சுங்கள்” என்று மாற்றினால் சுமையை மேலும் அவர்கள் தலையில் அறைந்ததாகும். “சோதித்த பெண் கூறியபடி வீட்டார் அனைவரும் செய்க” என்று எழுதியிருக்கிறேன். மேலதிகாரி இதனை அனுமதிப்பாரா என்பது அடுத்த பதிப்பில் தெரியும்.