அழகுக்கு வரி உண்டு. பாதுகாப்புக்குச் சட்டம் எங்கே?

புது தில்லி: மூக்கைச் சீரமைக்கும் அறுவை சிகிச்சையை உலகுக்குக் கற்றுத் தந்த நாடு இந்தியா. சுஸ்ருத சம்ஹிதை அதன் செய்முறையை விவரிக்கிறது. மூக்கறுபட்ட ஒரு வண்டியோட்டிக்குப் புணேயில் நடந்த அறுவை சிகிச்சை பற்றி 1794-இல் லண்டன் இதழ் ஒன்றில் செய்தி வெளியானது. அதைப் படித்த ஆங்கிலேய மருத்துவர் ஜோசப் கார்ப்யூ 1814-இல் அதே முறையைத் தம் நாட்டில் செய்து காட்டினார். அன்று புதிய மூக்கானது நோயாளியின் சொந்த நெற்றித் தோலால்.

இன்று நிலைமை வேறு. மூக்கின் தண்டை உயர்த்த சிலிக்கோன் துண்டுகளும் துளைகள் கொண்ட பாலிஎத்திலீன் சாதனங்களும் வைக்கப்படுகின்றன. காது, விலா, மூக்கின் நடுச்சுவர் ஆகியவற்றிலிருந்து குருத்தெலும்பு எடுத்துச் செய்யும் முறையைவிட இது எளிது. வேலையும் விரைவில் முடிகிறது. ஆனால் வேற்றுப் பொருளை உடல் எப்போதும் ஏற்பதில்லை. கிருமித் தொற்று ஏற்படலாம். சாதனம் இடம் நகரலாம். மூக்கு நுனித் தோல் மெலிந்து சிவந்து, சாதனம் வெளியே துருத்திக்கொண்டு வரலாம். இவை சில வாரங்களிலும் நேரலாம், பல ஆண்டுகள் கழித்தும் நேரலாம். அப்போது பெரும்பாலும் சாதனத்தை அகற்றி, புண் ஆறக் காத்திருந்து, சொந்தக் குருத்தெலும்பைக் கொண்டு மீண்டும் சீரமைக்க வேண்டியிருக்கும். இரண்டாவது அறுவை சிகிச்சை முதலாவதைவிடக் கடினமானது, செலவும் கூடுதல்.

அந்தச் செலவை ஏற்பது யார் என்பதே கேள்வி. மருத்துவக் காப்பீட்டு விதிகள், விபத்து, தீக்காயம், புற்றுநோய் போன்ற காரணங்களால் அவசியமானால் அன்றி, தோற்றத்தை மாற்றும் சிகிச்சைக்குப் பணம் தருவதில்லை. மத்திய அரசோ, 2017-இல் சரக்கு மற்றும் சேவை வரியைக் கொண்டுவந்தபோது மருத்துவ சேவைகளுக்கு விலக்கு அளித்துவிட்டு, பிறவிக் குறைபாட்டையோ காயத்தையோ சரிசெய்வதற்காக அல்லாத அழகு அறுவை சிகிச்சையை அந்த விலக்கிலிருந்து நீக்கியது. அழகு அறுவை சிகிச்சை ஒரு வணிகம் என்பதை அரசு அறியும். அதில் தன் பங்கையும் பெறுகிறது. அந்த வணிகத்தில் விற்கப்பட்ட பொருள் பழுதானால் மட்டும் அது நோயாளியின் சொந்தப் பிரச்னையாகிவிடுகிறது.

சட்டம் வளர்ந்த கதை நிதானமானது. மருத்துவ சாதனங்களுக்கெனத் தனிச் சட்டம் இல்லாததால், 1940-ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருள்கள் சட்டத்தின் கீழ் அவற்றை "மருந்து" என அறிவித்தே கட்டுப்படுத்தும் வழக்கம் ஏற்பட்டது. 2005-இல் சில வகைகள் சேர்க்கப்பட்டன. 2017-இல் தனி விதிகள் அறிவிக்கப்பட்டன. ஆபத்தின் அளவைப் பொருத்து ஏ முதல் டி வரை நான்கு பிரிவுகள் வகுக்கப்பட்டன. 2020 ஏப்ரல் முதல் எல்லா சாதனங்களும் கட்டுப்பாட்டுக்குள் வந்தன. மேல்நிலை ஆபத்துப் பிரிவுகளான சி, டி ஆகியவற்றுக்கு உரிமம் கட்டாயமானது 2023 அக்டோபரில்தான்.

இவ்விதிகளில், புதிய சாதனத்தைச் சோதித்துப் பார்க்கும் பரிசோதனையில் பங்கேற்று பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீடு உண்டு. பணம் கொடுத்து வாங்கிப் பொருத்திக்கொண்டு பாதிக்கப்பட்டவருக்கு அத்தகைய ஏற்பாடு இல்லை. இந்த ஓட்டையின் விலை என்ன என்பதை ஜான்சன் அண்ட் ஜான்சன் குழுமத்தின் இடுப்பு மூட்டு விவகாரம் காட்டியது. 2010 ஆகஸ்டில் உலகெங்கும் திரும்பப் பெறப்பட்ட அந்தச் சாதனம் இந்தியாவில் சுமார் 4,700 அறுவை சிகிச்சைகளில் பயன்பட்டிருந்தது. மத்திய அரசு நிபுணர் குழுவை அமைத்தது 2017-இல். இழப்பீடு ரூ.30 லட்சம் முதல் ரூ.1.23 கோடி வரை என வரையறுக்கப்பட்டது 2018 நவம்பரில். நிறுவனம் தில்லி உயர் நீதிமன்றத்தை நாடியது. 2019 மே மாதத்தில் 67 பேருக்குத் தலா ரூ.25 லட்சம் தர முன்வந்தது. பொருத்திக்கொண்டவர்களில் பலர் எங்கே இருக்கிறார்கள் என்பதையே கண்டறிய முடியவில்லை.

நடக்கவே இயலாதவர்களுக்கு இந்தக் கதி என்றால், "அழகுக்காகச் செய்துகொண்டவர்" என்ற ஏளனத்தையும் சுமக்கும் இளம்பெண்ணுக்கு என்ன கிடைக்கும்? நுகர்வோர் நீதிமன்றம் இருக்கிறது. மருத்துவ சேவை நுகர்வோர் சட்டத்துக்கு உட்பட்டது என 1995-லேயே உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2019-ஆம் ஆண்டுச் சட்டம் உற்பத்தியாளரின் பொறுப்பையும் வரையறுத்தது. ஆனால் வழக்குத் தொடுப்பவர் முதலில் தம் மூக்கில் வைக்கப்பட்டது எந்த நிறுவனத்தின் எந்தத் தொகுப்புச் சாதனம் என்று நிரூபிக்க வேண்டும். கையில் அந்தச் சீட்டு இல்லாதவர் எதை நிரூபிப்பார்?

எல்லாப் பாதிப்புக்கும் சாதனமே காரணமல்ல என மருத்துவர்கள் கூறுவது உண்மை. அளவுக்கு மீறிய துண்டை வைத்ததும், தூய்மைக் குறைவும்கூடக் காரணமாகலாம். எது காரணம் எனப் பிரித்தறியவே பதிவேடு தேவை. சாதனப் பாதிப்புகளைக் கண்காணிக்க 2015-இல் ஒரு தேசியத் திட்டம் தொடங்கப்பட்டது. அதற்குத் தகவல் தருவது மருத்துவர்களின் விருப்பத்துக்கு விடப்பட்டது. மருந்து அரசியல் சாசனத்தின் பொதுப் பட்டியலில் உள்ளது. மருத்துவமனையோ மாநிலப் பட்டியலில். சாதனத்துக்கு உரிமம் தருபவர் ஒருவர், அது பொருத்தப்படும் மருத்துவமனையைக் கண்காணிப்பவர் வேறொருவர். இடையில் விழுபவர் நோயாளி.

நாடாளுமன்றத்துக்கு இது புதிய விஷயமல்ல. 2007-இலும் 2013-இலும் திருத்த மசோதாக்கள் மாநிலங்களவைக்கு வந்தன, எதுவும் சட்டமாகவில்லை. 2022 ஜூலையில் மீண்டும் ஒரு வரைவு பொதுமக்கள் கருத்துக்கு வைக்கப்பட்டது. எந்த வடிவில் புதிய சட்டம் வந்தாலும் அதில் மூன்று அம்சங்கள் இடம்பெற்றாக வேண்டும். சாதனத்தின் பெயர், தொகுப்பு எண், மருத்துவர் பெயர் கொண்ட அட்டை ஒவ்வொரு நோயாளிக்கும் கட்டாயமாகத் தரப்பட வேண்டும். அதே விவரங்கள் தேசியப் பதிவேட்டில் ஏற வேண்டும். சந்தையில் விற்ற சாதனத்தின் பழுதுக்கு இழப்பீடு, குழுக்களின் கருணையாக அல்லாமல் சட்ட உரிமையாக வேண்டும்.

இவற்றுக்குப் பெரும் நிதி தேவையில்லை. வரிக்கான ரசீதைத் தவறாமல் கேட்கும் அரசு, உடலுக்குள் வைக்கப்படும் பொருளுக்கும் ஒரு ரசீதைக் கட்டாயமாக்குவதில் என்ன தயக்கம்?