டாக்டருக்குப் படிக்கும் நம் பெண் பிள்ளைகளும் சங்கத்தின் வேலையும்

உயர்தரப் பெறுபேறு வெளியானதும் மலையகத்தில் ஏதாவது ஒரு தோட்டத்தில் பதாகை கட்டுகிறார்கள். "எமது தோட்டத்தின் முதல் பெண் வைத்தியர்" என்று எழுதி, பிள்ளையின் படத்தையும் அதைவிடப் பெரிதாக ஒரு தலைவரின் படத்தையும் போடுகிறார்கள். மாலை, பொன்னாடை, கோயிலில் பூசை. அந்தச் சந்தோஷத்தில் நாமும் சேர்ந்துகொள்கிறோம். அந்தப் பிள்ளை எந்த வழியாக அங்கே வந்து சேர்ந்தாள் என்பதைத்தான் யாரும் மேடையில் சொல்வதில்லை.

வைத்திய பீடத்துக்குப் போக உயிரியல், பௌதிகவியல், இரசாயனவியல் மூன்றும் படிக்க வேண்டும். மூன்றையும் தமிழில் கற்பிக்க முழு ஆசிரியர் தொகையும் உள்ள பாடசாலைகள் மலையகத்தில் மிகச் சில. அட்டன் ஹைலண்ட்ஸ் கல்லூரி போன்ற இடத்துக்கு உள்தோட்டத்துப் பிள்ளை தினம் போய்வர முடியாது. பல்கலைக்கழக அனுமதியில் 40 வீதம் அகில இலங்கைத் திறமைக்கு, 55 வீதம் மாவட்டங்களுக்கு, 5 வீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. நுவரெலியாவும் பதுளையும் அந்தப் பின்தங்கிய பட்டியலில் இருக்கின்றன. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் மாவட்டம் என்பது பிள்ளை படித்த பாடசாலையை வைத்துப் பார்க்கப்படுவது. நல்ல ஆசிரியரைத் தேடிக் கொழும்புப் பாடசாலைக்கு மாறினால் கொழும்பின் வெட்டுப்புள்ளியோடு போட்டியிட வேண்டிவரலாம். மலையில் நின்றால் ஆசிரியர் இல்லை, இறங்கினால் ஒதுக்கீடு இல்லை. அதனால் பல பிள்ளைகள் ஊர்ப் பாடசாலையிலேயே முதல் தடவை எழுதுகிறார்கள். புள்ளி போதாமல் போனால் இரண்டாம், மூன்றாம் தடவைக்காகக் கொழும்புக்கு டியூசனுக்கு இறங்குகிறார்கள். மூன்று தடவைக்கு மேல் வாய்ப்பில்லை.

இறங்குகிறவள் வெள்ளவத்தையில் ஒரு அறையில் நாலைந்து பேரோடு தங்குகிறாள். சொந்தக்காரர் இருந்தால் கொட்டாஞ்சேனையில் அவர்கள் வீட்டு முன்னறையில் பாய் விரிக்கிறாள். அதே ஒழுங்கைகளில் அவள் வயதுப் பெண்கள், சில வேளை அவளோடு ஒன்றாகப் பிள்ளை மடுவத்தில் வளர்ந்தவர்களே, வீட்டு வேலைக்கு நிற்கிறார்கள். இருவரும் அட்டனில் ஏறியது ஒரே ரயிலில்தான். போர்டிங்காரம்மா ஊர் கேட்டால் "நுவரெலியா டவுன்" என்று சொல்லப் பிள்ளை சீக்கிரமே பழகிவிடுகிறாள். தோட்டக்காட்டார் என்ற சொல் சிங்களவர் வாயிலிருந்து வருவதில்லை என்பதையும் இங்கே எழுதத்தான் வேண்டும்.

காசுக் கணக்கு எல்லோருக்கும் தெரிந்தது. நாட் சம்பளம் 2021 இல் 1000 ரூபாய், 2024 இல் 1350 ரூபாய். 2024 இன் அந்தச் சம்பளத்தில் மாதம் 25 நாள் பெயர் விழுந்தாலும் 33,750 தான். அதில் சேமலாப நிதிக்கு 8 வீதம் போகும், பிறகு முற்பணம், கடைக்கடன். மிச்சத்தில் லயத்தில் ஒரு அடுப்பும் வெள்ளவத்தையில் ஒரு கட்டிலும் ஓட வேண்டும்.

யுத்த காலத்தில் அந்தக் கட்டிலுக்கும் பாதுகாப்பில்லை. 2007 ஜூன் 7 ஆம் திகதி கொழும்பு விடுதிகளில் தங்கியிருந்த 376 தமிழரைப் பொலிஸார் பஸ்களில் ஏற்றி வடக்குக்கும் கிழக்குக்கும் அனுப்பினார்கள். மறுநாள் உயர் நீதிமன்றம்தான் அதை நிறுத்தியது. அந்த வருஷங்களில் கொழும்புக்குப் படிக்கப் போன பெண்கள் புத்தகத்தோடு பொலிஸ் பதிவுத் துண்டையும் பையில் கொண்டு திரிந்தார்கள்.

கொழும்பில் மருத்துவம் பார்க்க வந்த பெண்ணை வேற்றாளாக நிறுத்துவது பழைய வழக்கம். மருத்துவக் கல்லூரி 1870 இல் தொடங்கியது, பெண்களைச் சேர்த்தது 1892 இல். கனடாவில் டாக்டருக்குப் படித்த மேரி இர்வின் 1896 இல் அமெரிக்க மிஷன் வேலைக்கென இலங்கை வந்தார். எஸ்.சி.கே. இரத்தினம் என்ற தமிழரை மணந்தார் என்பதற்காக மிஷன் அவரைக் கைவிட்டது. அவர் ஓடிப்போகவில்லை. கொழும்பில் பெண்களுக்கான லேடி ஹெவ்லொக் ஆஸ்பத்திரியில் வேலை செய்தார், தனியாகவும் வைத்தியம் பார்த்தார். 1937 இல் கொழும்பு மாநகர சபைக்குத் தெரிவானார். 1958 இல் மக்சைசாய் விருது பெற்றார்.

அவர் இருந்த பெண்கள் வாக்குரிமைச் சங்கம் டொனமூர் ஆணைக்குழு முன் போனது. தோட்டத்து இந்தியத் தமிழ்ப் பெண்களுக்கும் வாக்கு வேண்டுமா என்று கேட்டார்கள். வேண்டும், அவர்களும் பெண்கள்தானே என்று அக்னஸ் டி சில்வா பதில் சொன்னார். 1931 இல் வந்த அந்த வாக்கு 1948, 1949 சட்டங்களோடு நம்மவர் பெரும்பாலோரிடமிருந்து போயிற்று. 1945 இல் வந்த இலவசக் கல்விக்குள் தோட்டப் பாடசாலைகள் சேர்க்கப்படவில்லை. 1970களின் பின்பகுதியில்தான் அரசு அவற்றைப் பொறுப்பேற்கத் தொடங்கியது. மற்றச் சமூகங்களில் பாட்டி டாக்டராக இருக்க, நம்மில் பேத்தி இப்போதுதான் விண்ணப்பம் நிரப்புவதற்கு இதுதான் காரணம். பிள்ளைகளின் மூளையைப் பற்றிப் பேசுகிறவர்கள் இந்த வருஷங்களை எண்ணிப் பார்க்கட்டும்.

சம்பளம் பேசுகிற சங்கத்துக்கு இதில் என்ன வேலை என்று கமிட்டிக் கூட்டங்களில் கேட்கிறார்கள். ஆஸ்பத்திரி வரிசையில் நின்று பார்த்தால் தெரியும். டாக்டருக்குத் தமிழ் தெரியாது. மாதவிலக்கில் நிற்காத இரத்தப் போக்கை, கருப்பை இறங்கிய வேதனையை, கொழுந்து பறிக்கிற அக்கா யாரைக் கொண்டு சொல்லுவாள்? கூட வந்த பத்து வயது மகனைக் கொண்டா, லொறி டிரைவரைக் கொண்டா? வெட்கத்தில் "வயிற்று வலி" என்று மட்டும் சொல்கிறாள். வயிற்று வலிக்கு மருந்து வாங்கிக்கொண்டு வந்து மறுநாள் மலைக்கு ஏறுகிறாள். தமிழ் 1987 இலிருந்து அரசகரும மொழி. தோட்டங்களின் மருத்துவத் தேவைக்கு 1912 இலேயே சட்டம் வந்துவிட்டது. அந்தச் சட்டங்களில் எதுவும் அவள் பக்கத்தில் நின்று பேசுவதில்லை. தாதியர் பயிற்சிக்கும் வழக்கமாக விஞ்ஞானப் பிரிவுச் சித்தி கேட்கப்பட்டு வந்ததால், தமிழ் பேசும் ஒரு நர்ஸ்கூட அதே இல்லாத வகுப்பறையில்தான் தடைப்படுகிறாள்.

படித்து முடித்தவர்கள் மலைக்குத் திரும்புவதில்லை என்று குறை சொல்வது சுலபம். தனி ஒரு பெண்ணின் தலையில் சமூகத்தின் முழுக் கடனையும் ஏற்றுவது நியாயம் என்று நாம் நினைக்கவில்லை. பத்துப் பேர் போனால் மூன்று பேராவது திரும்புவார்கள். முதலில் பத்துப் பேர் போகட்டும்.

மலையகத்தின் ஒவ்வொரு கல்வி வலயத்திலும் ஒரு தமிழ்ப் பாடசாலையிலாவது மூன்று விஞ்ஞானப் பாடங்களுக்கும் பட்டதாரி ஆசிரியர் வேண்டும். மாணவிகளுக்கு அங்கேயே விடுதியும் வேண்டும். அது வரும்வரை கொழும்பில், வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ, மலையக மாணவிகளுக்கென்று அரசு ஒரு விடுதி திறக்க வேண்டும். இவற்றை அடுத்த கோரிக்கைப் பத்திரத்தில் சம்பளத்துக்குக் கீழே அடிக்குறிப்பாகப் போடாமல் தனி அம்சமாகச் சேர்க்கும்படி மத்திய கமிட்டியைக் கேட்கிறோம்.

தோட்டத் தலைவர்களும் மாதர் கமிட்டியினரும் இந்த மாதக் கடைசிக்குள் ஒரு கணக்கு எடுக்க வேண்டும். உங்கள் தோட்டத்தில் சாதாரண தரத்தில் விஞ்ஞானம் நன்றாகச் சித்தியடைந்த பெண் பிள்ளைகள் எத்தனை பேர், அவர்களில் உயர்தரத்தில் விஞ்ஞானம் எடுத்தவர் எத்தனை பேர், நின்றுவிட்டவள் ஏன் நின்றாள், இப்போது எங்கே இருக்கிறாள். தகப்பனிடம் மட்டும் கேட்டு எழுதாதீர்கள், தாயிடமும் பிள்ளையிடமும் கேளுங்கள். எழுதிய தாளை மாவட்டக் காரியாலயத்தில் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.