ராக்கெட்டுக்குக் கைதட்டியாயிற்று, காதுக்கு?



2023 ஆகஸ்ட் 23 அன்று சந்திரயான்-3 இறங்கியதும் விழுப்புரம் வீரமுத்துவேலைக் கொண்டாடினோம். கொண்டாட வேண்டியவர்தான். ஆனால் அத்தனை தூரத்திலிருந்து வரும் செய்தியை இங்கே எது கேட்கிறது என்று எத்தனை பேர் யோசித்தோம்? பெங்களூருக்குப் பக்கத்தில் பைலாலு கிராமத்தில் 32 மீட்டர், 18 மீட்டர் அகலத் தட்டுகள் நிற்கின்றன. 2008-இல் சந்திரயான்-1-க்காக அமைத்தவை.

தட்டு வெறும் காதுமடல். உண்மையில் கேட்பது ரிசீவர். வாயேஜர்-2 அனுப்பும் சக்தி சுமார் 23 வாட். நம் வீட்டுப் பழைய குண்டு பல்புக்கே 40 வாட்! அந்தச் சன்னக் குரல் ரிசீவரின் சொந்த இரைச்சலிலேயே அமுங்கிவிடும். அதனால்தான் பெரிய நிலையங்களில் முதல் ஆம்ப்ளிஃபயரைப் பூஜ்ஜியத்துக்குக் கீழ் 250 டிகிரி வரை குளிர வைக்கிறார்கள்.

1977-இல் போன அந்தக் கலம் 1989-இல் நெப்டியூனை நெருங்கியது. கலத்தைத் தொட வழியில்லை. தரையில் இருப்பதைத்தான் மாற்ற முடியும். 64 மீட்டர் தட்டுகளை 70 மீட்டராக்கினார்கள். நியூமெக்சிகோவின் 27 ரேடியோ தட்டுகளுக்குப் புது ரிசீவர் பொருத்தி, எல்லாவற்றையும் சேர்த்துக் கேட்டார்கள்.

"இருப்பது ஓடுகிறதே, எதற்கு மாற்றணும்?" என்று என் அண்ணன் மகன் கேட்கிறான். வாயேஜர்-2-க்குக் கட்டளை அனுப்பக்கூடிய ஒரே தட்டு கான்பெராவில் இருக்கிறது. அதையே 2020 மார்ச்சில் நிறுத்தி, 40 ஆண்டுக்கு மேற்பட்ட பழைய கருவிகளை மாற்ற 11 மாதம் எடுத்துக்கொண்டார்கள். 2023 ஜூலையில் ஒரு தவறான கட்டளையால் கலத்தின் ஆன்டெனா பூமியை விட்டு விலகியபோது, கூப்பிட்டு மீட்டதும் அதே தட்டுதான்.

இப்போதைய ரிசீவர்கள் சிக்னலை வந்தவுடனே எண்களாக்கிவிடுகின்றன. மீதியை மென்பொருள் பார்த்துக்கொள்கிறது. அடுத்த பயணத்துக்குப் பெட்டியை மாற்ற வேண்டாம், நிரலை மாற்றினால் போதும். ஈசிஇ படித்துவிட்டு வேறு ஏதோ வேலை பார்க்கும் என் பிள்ளைகளே, இது உங்கள் வேலை!

பூமி சுழல்கிறது. பைலாலு மறுபக்கம் திரும்பிவிட்டால் நாசாவையும் ஐரோப்பியர்களையும் நம்புகிறோம். உதவி கேட்பதில் வெட்கமில்லை. ஆனாலும் அவர்கள் வேலை முடிந்த பிறகுதானே நம் முறை வரும்? வேறு தேசத்தில் நமக்கென்று இன்னொரு தட்டும், பைலாலுவுக்குக் காலாகாலத்தில் புது ரிசீவரும் வேண்டும் என்பது என் கட்சி. நம் ஊர்ப் பூசலார் மனத்திலேயே கோயில் கட்டினார். இதை அப்படிக் கட்ட முடியாது, பட்ஜெட்டில் பணம் ஒதுக்கணும்.

ஆவடி, அம்பத்தூர் பக்கம் எலெக்ட்ரானிக்ஸ் வேலையில் இருப்பவர்கள் மேற்கொண்டு தெரிந்ததைக் கீழே எழுதுங்கள். பேத்திக்குப் படித்துக் காட்டுவேன்.