லைப்சிக் கடிதம் 7: பனிச் சாமிகளும் பத்து தக்காளிச் செடியும்

ரெண்டு வாரமா ஆளைக் காணோமேன்னு தேடினவங்களுக்கு நன்றி. தேடாதவங்களுக்கும் நன்றி :-) தீசிஸ் பாதி, தோட்டம் மீதின்னு பொழப்பு ஓடுது.

தோட்டம் சொந்தமில்லைங்க. லைப்சிக்கில் ரயில் பாதை ஓரமெல்லாம் வேலி போட்ட குட்டித் தோட்டங்கள் இருக்கும். ஷ்ரேபர்கார்ட்டன்னு பேரு. 1864-ல் இதே ஊரில் ஆரம்பிச்ச ஒரு சங்கத்தால் வந்த பேர் (முதல்ல அது குழந்தைகளுக்கான விளையாட்டுத் திடல்தான், பாத்தி கட்டினது அப்புறம்). 1983 சட்டப்படி ஒரு தோட்டம் 400 சதுர மீட்டரைத் தாண்டக்கூடாது. மூணில் ஒரு பங்காவது காய்கனி இருக்கணும்னு 2004-ல் கோர்ட்டே சொல்லிடுச்சு. சும்மா புல் வளர்த்து நாற்காலி போட்டு உட்கார முடியாது.

எனக்குத் தெரிஞ்ச பாட்டிக்கு 78 வயசு, முட்டி வலி. குனிஞ்சு களை எடுக்க நான். கூலி, ஒரு பாத்தி.

மார்ச்சில் ஹாஸ்டல் ஜன்னலில் தக்காளி விதை போட்டேன். ஏப்ரல் கடைசியில் நல்ல வெயில். பத்து நாத்தையும் கொண்டுபோய் நட்டுட்டேன். பாட்டி, "ஐஸ்ஹைலிகன் முடியட்டுமே"ன்னாங்க. பனிச் சாமிகள். மே 11-லிருந்து 15 வரைக்கும் தினம் ஒரு புனிதர், கடைசி நாள் 'குளிர் சோஃபி'. அவங்க போற வரைக்கும் தக்காளியை வெளியே வைக்கமாட்டாங்க. நாம சுற்றுச்சூழல் மாஸ்டர்ஸ் ஆச்சே! போனை எடுத்துக் காட்டினேன், இந்த வாரம் 3 டிகிரிக்குக் கீழ போகாதுன்னு. பாட்டி தோளைக் குலுக்கிட்டுப் போயிட்டாங்க.

மே முதல் வாரம் ஒரு காலையில் போய்ப் பார்த்தா பத்தும் வேகவச்ச கீரை மாதிரி கறுத்துக் கிடக்கு.

போன் பொய் சொல்லலை. வானிலை நிலையத்தில் வெப்பத்தை அளக்கிறது 2 மீட்டர் உயரத்தில். மேகமும் காத்தும் இல்லாத ராத்திரியில் தரை அதைவிட சில டிகிரி குளிர்ந்துடும். குளிர்ந்த காத்து கனமா இருக்கிறதால பள்ளத்தில் போய்த் தேங்கும். என் பாத்தி இருக்கிறது தோட்டத்தின் பள்ளமான மூலை. இதெல்லாம் முதல் செமஸ்டர் பாடம். பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கியிருக்கேன்.

யாரும் சிரிக்கலை. 16-ஆம் தேதி போனா கேட் பக்கத்தில் தயிர் டப்பாக்களில் ஏழு தக்காளி நாத்து. அக்கம்பக்கத் தோட்டக்காரங்க வச்சது. வருஷாவருஷம் யாராவது அவசரப்படுவாங்களாம், அதனால எல்லாரும் கொஞ்சம் கூடவே விதைப்பாங்களாம்.

அன்னிக்கு ராத்திரி அப்பாகிட்ட சொன்னேன். விழுந்து விழுந்து சிரிச்சார். "உங்க தாத்தா காத்தைப் பார்க்காம நாத்தைத் தொடமாட்டாரும்மா"ன்னார். ஒட்டன்சத்திரம் பக்கம் எங்களுக்கு ரெண்டு ஏக்கர், கிணத்துப் பாசனம். இப்ப சும்மா கிடக்கு. சிரிச்சு முடிச்சதும், "பிளாட் போடக் கேக்கறாங்க. நீ வந்து ஏதாச்சும் செய்வேன்னா வச்சிருக்கேன், இல்லேன்னா சொல்லிடு"ன்னார்.

தீசிஸ் முடியட்டும்பான்னு மழுப்பிட்டு, தாத்தா எந்தக் காத்தைப் பார்ப்பார்னு கேட்டேன். ரொம்ப நேரம் சத்தமே இல்லை. "நான்தான் வேலைக்குப் போயிட்டேனே, கவனிச்சதில்லைம்மா. அம்மாவுக்கும் தெரியாது."

பாட்டி சொல்றதை எல்லாம் ஒரு நோட்டில் எழுதிட்டு வர்றேன். 32 பக்கம் ஆச்சு. அத்தனையும் லைப்சிக் மண்ணுக்கு. ஒட்டன்சத்திரம், பழனி, தாராபுரம் பக்கத்து ஆளுங்க யாராவது இதைப் படிச்சா, வீட்டில் தக்காளி போட்ட பெரியவங்க இருந்தா, எந்தப் பட்டத்துக்கு என்ன காத்து பார்ப்பாங்கன்னு கேட்டுச் சொல்லுங்க. ஞாயித்துக்கிழமை அப்பா மறுபடி கூப்பிடுவார்.