ஆடாமலே வெளியேறிய அணி

மகளிர் ஆசியக் கோப்பை கால்பந்துப் போட்டியில் 2022-ஆம் ஆண்டு ஜனவரி 23-ஆம் தேதி இந்தியாவும் சீன தைபேவும் மோத வேண்டியிருந்தது. நவி மும்பை டி.ஒய். பாட்டீல் விளையாட்டரங்கில் நடைபெறவிருந்த அந்த 'ஏ' பிரிவு லீக் ஆட்டம் நடைபெறவில்லை. கரோனா தொற்றுக்கு ஆளானவர்களையும் காயமடைந்தவர்களையும் கழித்துப் பார்த்தால், விதி கோரிய 13 வீராங்கனைகள்கூட இந்திய அணியில் தேறவில்லை. ஒரு ஆட்டம் கைவிட்டுப்போனது என்ற அளவில் விஷயம் முடிந்துவிடவில்லை. இந்தியா போட்டியிலிருந்தே விலகியதாகக் கருதப்படும் என ஆசிய கால்பந்துக் கூட்டமைப்பு அறிவித்தது. மூன்று நாள்களுக்கு முன்பு ஈரானுடன் கோலின்றி டிராவில் முடிந்த ஆட்டமும் செல்லாததாக்கப்பட்டது. முதன்முறையாக ஆசியக் கோப்பைக்கு வந்த ஈரான் பெண்கள் ஈட்டிய ஒரே புள்ளியும் அத்துடன் அழிந்தது.

போட்டியை நடத்தும் நாடு, போட்டியின் அட்டவணையிலேயே இல்லாமல் போனது. இதை ஒரு துரதிருஷ்டம் என்று சொல்லிக் கடந்துபோவது எளிது. தொற்று வந்தது துரதிருஷ்டம்தான். ஆனால், தொற்று வந்தால் என்ன நடக்கும் என்பதை முன்கூட்டியே தீர்மானித்தவர்கள் மனிதர்கள். அதைப் பற்றித்தான் நாம் கேள்வி எழுப்ப வேண்டும்.

அதே நாள்களில், மலைத்தொடருக்கு அப்பால் புணே நகரின் பாலேவாடியில் 'சி' பிரிவு ஆட்டங்கள் நடந்துகொண்டிருந்தன. இந்தப் போட்டிக்கு முதலில் நவி மும்பையுடன் ஆமதாபாதும் புவனேசுவரமுமே திட்டமிடப்பட்டிருந்தன. அணிகளின் பயணத்தைக் குறைத்து, தொற்றுப் பாதுகாப்பு வளையத்தை இறுக்கமாக வைக்கவே 2021-இல் அவற்றுக்குப் பதிலாக மும்பையும் புணேயும் தேர்ந்தெடுக்கப்பட்டன. கோவிஷீல்டு தடுப்பூசியை நாட்டுக்கே தயாரித்தளித்த நகரம் புணே என்பதையும் இங்கே நினைவில் கொள்ளலாம். ஜப்பான், தென் கொரியா, வியத்நாம், மியான்மர் ஆகிய நான்கு அணிகளும் ஸ்ரீ சிவ சத்ரபதி விளையாட்டு வளாகத்தில் மோதின. மியான்மரை ஜப்பான் 5-0 என வென்றது. வியத்நாமைத் தென் கொரியா 3-0 என வென்றது. கடைசி லீக் நாளில் ஜப்பானும் தென் கொரியாவும் 1-1 என்றும், வியத்நாமும் மியான்மரும் 2-2 என்றும் டிரா செய்தன.

இந்த வியத்நாம் அணியையும் கரோனா விட்டுவைக்கவில்லை. போட்டிக்கு முன்பு ஸ்பெயினில் நடந்த பயிற்சி முகாமிலேயே பலருக்குத் தொற்று ஏற்பட்டது. முழு பலமின்றித்தான் அந்த அணி இந்தியா வந்தது. லீக் சுற்றில் ஒரு வெற்றிகூட இல்லை. ஆயினும் காலிறுதிக்கு முன்னேறி, பிறகு தகுதிச் சுற்றில் தாய்லாந்தையும் சீன தைபேவையும் வீழ்த்தி, முதன்முறையாக உலகக் கோப்பையில் இடம் பிடித்தது. குறைந்தபட்ச எண்ணிக்கை கையில் இருந்ததால் அந்த அணிக்குத் தொடர்ந்து ஆட வாய்ப்பு கிடைத்தது. அது இல்லாததால் இந்தியாவுக்கு எல்லாமே போனது.

புணேயில் ஜனவரி 30-ஆம் தேதி நடந்தது இன்னும் கவனிக்கத்தக்கது. எந்தச் சீன தைபேவுடன் இந்தியா ஆட முடியாமல் போனதோ, அதே அணியைக் காலிறுதியில் பிலிப்பைன்ஸ் சந்தித்தது. 1-1 என முடிந்த ஆட்டத்தைப் பெனால்டி வாய்ப்பில் 4-3 என வென்றது. அதன்மூலம் 2023 உலகக் கோப்பைக்குத் தகுதி பெற்றது. உலகத் தரவரிசையில் அப்போது இந்தியாவுக்குப் பின்னால் இருந்த நாடு அது. அடுத்த ஆண்டு ஜூலையில், போட்டியை நடத்திய நாடுகளுள் ஒன்றான நியூசிலாந்தை அதன் சொந்த மண்ணிலேயே 1-0 என வென்றது. உலகக் கோப்பையில் லீக் சுற்றோடு வெளியேறும் வீராங்கனைக்கும் குறைந்தது 30 ஆயிரம் டாலர் என ஃபிஃபா அறிவித்திருந்த போட்டி அது.

இந்தியா ஆடியிருந்தால் தகுதி பெற்றிருக்கும் என்று வாதிடுவது நமது நோக்கமல்ல. சீன தைபேவிடம் தோற்றிருக்கலாம். சீனாவிடம் பெருந்தோல்வியே கண்டிருக்கலாம். ஆனால், உலகக் கோப்பைக் கதவு ஐந்து அணிகளுக்கு நேரடியாகத் திறந்திருந்த ஓர் ஆண்டில், ஆடித் தோற்கும் உரிமைகூட இந்த வீராங்கனைகளுக்குக் கிடைக்கவில்லை என்பதே குறை.

விதி எல்லோருக்கும் பொதுவானது, போட்டி தொடங்கும் முன்பே அனைவரும் ஏற்றுக்கொண்டது என்று ஆசியக் கூட்டமைப்பின் தரப்பில் சொல்லப்படலாம். அது உண்மைதான். ஒரு அணிக்காக அட்டவணையைத் தள்ளிப்போட்டால் மற்ற பதினோரு அணிகள் பாதிக்கப்படும் என்பதும் நியாயமான வாதம். ஆனால், அதே சிக்கலைப் பிற போட்டிகள் எப்படிக் கையாண்டன என்று பார்த்தால், இந்த விதியைத் தவிர வேறு வழியே இருக்கவில்லை என்ற வாதம் நிற்காது.

2021-இல் நடந்த ஐரோப்பியக் கோப்பை ஆடவர் போட்டியிலும் 13 வீரர்கள் என்பதே அளவுகோல். எண்ணிக்கை குறைந்தால் ஆட்டத்தை 48 மணி நேரத்துக்குள் மாற்றி நடத்த அங்கே இடமிருந்தது. அதுவும் இயலாவிட்டால் அந்த ஒரு ஆட்டம் மட்டுமே 0-3 எனத் தோல்வியாகும். அணிகளுக்கு 23 பேருக்குப் பதிலாக 26 பேர் வரை அனுமதிக்கப்பட்டனர். ஆப்பிரிக்கக் கோப்பையோ 2022 ஜனவரியில், ஏறத்தாழ இதே நாள்களில், கேமரூனில் நடந்தது. பதினோரு பேர் இருந்தால் ஆடியே தீர வேண்டும் என்பது அங்கே விதி. இந்தியா வெளியேற்றப்பட்டதற்கு மறுநாள், ஜனவரி 24-ஆம் தேதி, கோல் கீப்பர் இல்லாத நிலையில் ஒரு தடுப்பாட்டக்காரரைக் கோல் கம்பத்தில் நிறுத்தி, கேமரூனை எதிர்த்து ஆடியது கொமொரோஸ் என்ற சின்னஞ்சிறு தீவு நாடு. 1-2 எனத் தோற்றது. ஆயினும் உலகம் பாராட்டிய தோல்வி அது. ஐரோப்பாவில் ஒரு ஆட்டம் போகும். ஆப்பிரிக்காவில் பலவீனமான அணியோடு ஆட நேரும். ஆசியாவில் மட்டும் ஆடி முடித்த ஆட்டமும் சேர்ந்து அழியும். மூன்றிலும் கடுமையானது நம் கண்டத்தின் விதிதான்.

நம் நாட்டு உதாரணமே ஒன்று இருக்கிறது. அதே 2022 ஜனவரியில் மேற்கிந்தியத் தீவுகளில் 19 வயதுக்கு உட்பட்டோருக்கான உலகக் கோப்பை கிரிக்கெட் போட்டி நடந்தது. லீக் சுற்றின் நடுவே கேப்டன் யஷ் துல், துணை கேப்டன் ஷேக் ரஷீத் உள்பட ஆறு இந்திய வீரர்கள் தனிமைப்படுத்தப்பட்டனர். ஜனவரி 19-ஆம் தேதி அயர்லாந்துக்கு எதிராகச் சரியாகப் பதினோரு பேரே எஞ்சியிருந்தனர். இந்திய கிரிக்கெட் வாரியம் உடனடியாக ஐந்து மாற்று வீரர்களைக் கடல் கடந்து அனுப்ப ஏற்பாடு செய்தது. தொற்று ஏற்பட்டவர்களுக்குப் பதிலாள்களைச் சேர்க்க அந்தப் போட்டியின் விதி இடமளித்தது. பிப்ரவரி 5-ஆம் தேதி இந்தியா கோப்பையை வென்றது. ஒரே மாதம், ஒரே நோய், ஒரே நாடு. கரீபியனில் இருந்த சிறுவர்களுக்கு மாற்று ஆள்கள் விமானத்தில் சென்றனர். சொந்த நாட்டில் ஆடிய பெண்களுக்கு 13 பேரைத் தேற்ற முடியவில்லை.

கிரிக்கெட்டிடம் பணம் இருக்கிறது, கால்பந்திடம் இல்லை என்று சொல்லி இதை முடித்துவிட முடியாது. இது பணத்தைவிட முன்யோசனையும் குரலும் சம்பந்தப்பட்ட விஷயம். அகில இந்திய கால்பந்து சம்மேளனத்தின் அன்றைய தலைவர் பிரஃபுல் படேல் ஃபிஃபா பேரவையிலும் உறுப்பினராக இருந்தார். போட்டியை நடத்தும் நாடு. உலக அமைப்பின் உயர்மட்டத்தில் இடம். விதிகள் வகுக்கப்பட்டபோது, மாற்று வீராங்கனைகளுக்கு இடம் கேட்கவும், ஆட்டத்தை ஓரிரு நாள் தள்ளிவைக்க வழி கேட்கவும் இதைவிட வலுவான நிலை எந்த நாட்டுக்கு வாய்த்திருக்கும்? வெளியேற்றத்துக்குப் பிறகு, தங்கும் விடுதியில் ஏற்பட்ட பாதுகாப்புக் குறைபாட்டை அணியின் பயிற்சியாளர் தாமஸ் டென்னர்பி கடுமையாகச் சாடினார். அந்த விமர்சனம் போட்டிக்கு முன்பே விதிகளின் மீது சம்மேளனத்தால் வைக்கப்பட்டிருக்க வேண்டும்.

ஆனால், அந்தச் சம்மேளனமே அன்று எந்த நிலையில் இருந்தது? நிர்வாகிகளின் பதவிக்காலம் 2020 டிசம்பரிலேயே முடிந்திருந்தது. தேர்தல் நடத்தப்படவில்லை. 2022 மே மாதம் உச்ச நீதிமன்றம் அந்த நிர்வாகத்தை அகற்றி மூவர் குழுவை நியமித்தது. ஆகஸ்ட் மாதம் வெளித் தலையீட்டைக் காரணம் காட்டி ஃபிஃபா இந்தியாவை இடைநீக்கம் செய்தது. ஆசிய மகளிர் கிளப் போட்டிக்காக உஸ்பெகிஸ்தான் சென்றிருந்த கேரளத்தின் கோகுலம் அணி ஆட முடியாமல் அங்கே தவித்தது. ஆண்டின் தொடக்கத்தில் தொற்றால் பெண்கள் களத்தை இழந்தனர். ஆண்டின் நடுவில் நிர்வாகச் சண்டையால் மீண்டும் பெண்களே களத்தை இழந்தனர். தடை நீங்கிய பிறகு அக்டோபரில் நடந்த 17 வயதுக்கு உட்பட்டோர் மகளிர் உலகக் கோப்பையில், நடத்தும் நாடு என்ற உரிமையில் ஆடிய நம் சிறுமிகள் அமெரிக்கா, மொராக்கோ, பிரேசில் ஆகிய மூன்று அணிகளிடம் மொத்தம் 16 கோல்கள் வாங்கினர், ஒன்றுகூட அடிக்கவில்லை. நடத்தும் உரிமையைப் பெறுவதில் காட்டும் அக்கறையை அணியை உருவாக்குவதில் நாம் காட்டவில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

புணே நகரமும் இதற்கு ஒரு சாட்சி. 1994 தேசிய விளையாட்டுப் போட்டிக்காக எழுந்த பாலேவாடி வளாகம், 2008-இல் காமன்வெல்த் இளையோர் போட்டியை நடத்தியது. 2022-இல் ஆசியக் கோப்பையின் இரண்டு அரையிறுதிகளையும் நடத்தியது. ஆனால், அதே நகரில் ஐ-லீக்கில் இரண்டாம் இடம்வரை வந்த புணே எஃப்.சி. இன்று இல்லை. ஒரே பருவம் ஆடிய பாரத் எஃப்.சி. இல்லை. ஐ.எஸ்.எல். அணியான புணே சிட்டி 2019-இல் மூடப்பட்டு, அதன் இடத்தில் ஹைதராபாத் அணி வந்தது. அரங்கம் இருக்கிறது, அங்கே ஆட ஊருக்கென்று ஓர் அணி நிலைக்கவில்லை.

இதில் தமிழர்களுக்கு என்ன அக்கறை என்று கேட்கலாம். அன்று விடுதி அறைகளில் அடைபட்டுக் கிடந்த இந்திய அணியில் இந்துமதி கதிரேசன், சந்தியா ரங்கநாதன், மாரியம்மாள் பாலமுருகன், கோல் கீப்பர் சௌமியா நாராயணசாமி எனத் தமிழ்நாட்டுப் பெண்கள் பலர் இருந்தனர். இந்துமதி தமிழகக் காவல்துறையில் உதவி ஆய்வாளர். 2018-லும் 2023-லும் தேசிய மகளிர் சாம்பியன் பட்டத்தைத் தமிழ்நாடு வென்றது. 2019-இல் இந்திய மகளிர் லீக் கோப்பையை மதுரையின் சேது எஃப்.சி. கைப்பற்றியது. சிறு நகரங்களிலிருந்தும் எளிய குடும்பங்களிலிருந்தும் வரும் இந்தப் பெண்களுக்குக் கால்பந்து என்பது வேலைவாய்ப்பு; வீட்டைவிட்டு வெளியே வருவதற்கான அனுமதியும் அதுவே. ஒரு சர்வதேசப் போட்டி கைநழுவினால், அவர்களுக்கு அடுத்த வாய்ப்பு நான்கு ஆண்டுகள் கழித்துத்தான் வரும். அதற்குள் பலரது ஆட்ட வயதே முடிந்துவிடும்.

அந்த நான்கு ஆண்டுகளின் முடிவில் ஒரு நல்ல செய்தியும் வந்தது. 2025 ஜூலையில் தாய்லாந்தின் சியாங் மாய் நகரில் நடந்த தகுதிப் போட்டியில், சங்கீதா பாஸ்ஃபோர் அடித்த இரு கோல்களால் தாய்லாந்தை 2-1 என வென்று, 2026 ஆசியக் கோப்பைக்கு இந்தியா தகுதி பெற்றது. தகுதிச் சுற்றில் ஆடி வென்று இந்திய மகளிர் இந்த இடத்தைப் பெற்றது அதுவே முதல் முறை. 2022-இல் நடத்தும் நாடு என்பதால் கிடைத்த இடத்தை இம்முறை உழைத்துப் பெற்றனர்.

அந்த உழைப்புக்கு நிர்வாகம் செய்ய வேண்டிய கைம்மாறு என்ன? 2025-இல் நாடாளுமன்றம் தேசிய விளையாட்டு நிர்வாகச் சட்டத்தை நிறைவேற்றியது. விளையாட்டு அமைப்புகளின் நிர்வாகக் குழுவில் பெண்களுக்கும் வீரர்களுக்கும் இடமளிக்க அது வழிவகுக்கிறது. அந்த இடங்களில் அரசியல்வாதிகளின் உறவினர்கள் அமராமல், களத்தில் ஆடியவர்கள் அமர வேண்டும். ஆசியக் கூட்டமைப்பின் போட்டி விதிகள் விவாதிக்கப்படும்போது, நோயால் ஓர் அணி ஓர் ஆட்டத்தை இழக்கலாம், போட்டியையே இழக்கக்கூடாது என்ற கோரிக்கையை இந்தியா எழுத்து மூலம் முன்வைக்க வேண்டும். மகளிர் அணி எங்கு சென்றாலும், பயிற்சியில் இருக்கும் மாற்று அணி ஒன்று தயாராக இருக்க வேண்டும். கிரிக்கெட் சிறுவர்களுக்குச் செய்ய முடிந்ததைக் கால்பந்துப் பெண்களுக்கும் செய்ய முடியும்.

பெருந்தொற்று மீண்டும் எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. வந்தால் எந்த விதி பொருந்தும் என்பதை இப்போதே எழுதி வைக்க முடியும். அதை எழுதும் அவையில் இந்தியாவுக்கும் இடம் இருக்கிறது. அந்த இடத்தில் அமர்பவர்கள் 2022 ஜனவரி 23-ஐ மறக்கக்கூடாது.