குவளைத் தருக்கமும் கடல்மட்டமும்

குவளை நீரில் மிதக்கும் பனிக்கட்டி உருகினால் நீர்மட்டம் உயராது. ஆதலின் துருவப்பனி உருகுவதற்கு அஞ்சவேண்டியதில்லை என வாதிடுவோர் உளர். இவர்கள் ஆக்கிமிடீசின் விதியைப் பிழையான இடத்தில் பொருத்துகின்றனர். அவ்விதி மிதக்கும் ஆட்டிக் கடற்பனிக்கே ஏற்கும். கிறீன்லாந்துப் பனிப்படலமோ நிலத்தின்மீது கிடப்பது. அது முழுதும் உருகின் உலகக் கடல்மட்டம் ஏறத்தாழ 7 மீற்றர் உயரும்.

அதற்கு ஆயிரமாண்டுகள் செல்லக்கூடும் என்பது ஆறுதலாகாது. உருகுந்தோறும் படலத்தின் மேற்பரப்புத் தாழ்ந்து வெப்பமிகுந்த வளியைச் சந்திக்கிறது. உருகலே உருகலை வளர்க்கிறது. பனிக்கட்டியாறுகளும் வெப்பமாற்றத்துக்குத் தாமதித்தே முழுமையாக இயைகின்றன. இன்றைய பின்வாங்கலில் முன்னைய வெப்பத்தின் விளைவும் உண்டு. ஐசுலாந்தின் ஒக், 2014 இல் பனிக்கட்டியாறு என்னும் தகுதியையே இழந்தது.

எரிபொருட் புகையைக் குறைக்கும் கடமையைத் தள்ளிப்போடுவதற்குக் குவளைத் தருக்கம் ஒருபோதும் சான்றாகாது.