அனுப்பியாச்சு சரி, போய்ச் சேர்ந்துச்சா?



தானா ராத்தா பக்கத்துத் தேயிலைத் தோட்டங்கள்ல பிறந்த பிள்ளைகள் இன்னைக்குக் கோலாலம்பூர், ஜொகூர், சிங்கப்பூர்னு பரவி இருக்காங்க. திருவிழா, அன்னதானம், மழையில மலைப்பாதை மூடியிருக்குங்கிற செய்தி எல்லாம் அவங்களுக்கு மின்னஞ்சல்லயும் போகுது. ஆலயங்களும் சங்கங்களும் சேர்ந்து ஒரே சர்வர்ல மொத்தமா அனுப்பும்போது, "அனுப்பியாச்சு"ன்னு திரையில வந்ததும் வேலை முடிஞ்சதா நினைக்கிறோம். முடியலைங்க.

ஜிமெயில் "இப்ப முடியாது, அப்புறம் வா"ன்னு சொன்னா, மடல் நம்ம சர்வர்லயே வரிசையில காத்திருக்கும். பரவலா பயன்படுற போஸ்ட்ஃபிக்ஸ் மென்பொருள், நாம எதையும் மாத்தாம விட்டா, 5 நாள் வரைக்கும் திரும்பத் திரும்ப முயற்சி பண்ணும். தாமதம்னு அனுப்புனவருக்கு ஒரு வார்த்தை சொல்லாது. ஞாயித்துக்கிழமை பாதை மூடல்னு வெள்ளிக்கிழமை அனுப்புன மடல் புதன்கிழமை திரும்பி வந்து என்ன பயன்? குடும்பம் கைக்குழந்தையோட தாப்பா வரைக்கும் வந்து நின்னிருக்கும்.

2024 பிப்ரவரியில இருந்து கூகுளும் யாஹூவும் மொத்த மடலுக்குக் கெடுபிடி போட்டிருக்காங்க. "இது குப்பை மடல்"னு வர்ற புகார் 0.3 விழுக்காட்டை எட்டவே கூடாதுங்கிறது கூகுள் விதி. அதாவது 1000 மடலுக்கு 3 புகார்! கேட்காதவங்களுக்கு நன்கொடை மடல் தட்டிவிட்டா, நாளைக்குப் போற அவசர மடலும் சேர்ந்து அடிபடும்.

அதனால ஆலய நிர்வாகங்களுக்கு எங்க கருத்து இதுதான்:

🔸 வரிசையில எத்தனை மடல்னு மட்டும் பார்க்காதீங்க. அனுப்புன உடனே வரிசை நீளமாத்தான் இருக்கும். ரொம்பப் பழைய மடல் எவ்வளவு நேரமா நிக்குதுன்னு பாருங்க. ஒரு மணி நேரம் தாண்டினா எச்சரிக்கை வரணும்.

🔸 ஜிமெயில், யாஹூ, அவுட்லுக் கணக்கைத் தனித்தனியா பாருங்க. மொத்தக் கணக்கு நல்லா தெரியும்போதே யாஹூ முழுசா அடைபட்டிருக்கலாம்.

🔸 மூணுலயும் ஒரு சோதனை முகவரி வெச்சு, மடல் வந்துச்சான்னு பாருங்க. குப்பைப் பெட்டியில விழுந்ததும் அப்பத்தான் தெரியும்.

🔸 எச்சரிக்கையை மின்னஞ்சல்ல அனுப்பாதீங்க. அடைபட்ட வழியிலேயே அதுவும் மாட்டிக்கும். ரெண்டு தொண்டர்களோட கைப்பேசிக்குக் குறுஞ்செய்தி போகட்டும்.

🔸 சும்மா சும்மா அடிக்கவும் கூடாது. பூஜை நேரத்துல அடிச்சாத்தான் கோவில் மணிக்கு மதிப்பு. நாள் முழுக்க அடிச்சா யாரு எழுந்து வருவா?

"வாட்சாப் இருக்கே"ன்னு சிலர் கேட்கிறாங்க. குழுவை விட்டுப் போனவங்க, நம்பர் மாத்தினவங்க எத்தனை பேரு!

"எல்லாம் முருகன் பார்த்துக்குவான்"னு சொல்றவங்களும் உண்டு. பார்த்துக்குவான்தான். ஆனா விளக்குல எண்ணெய் இருக்கான்னு நாமதானே தினமும் எட்டிப் பார்க்கிறோம்? இதுவும் அந்த மாதிரி ஒரு தொண்டுதான்.

உங்க ஆலயத்துல இதை யாரு கவனிக்கிறாங்க? அடுத்த கூட்டத்துல கேட்டுப் பாருங்க. கணினி தெரிஞ்ச பிள்ளைகள் முன்வந்தா இன்னும் நல்லது.

முருகன் துணை 🙏